சாவிப் பட்டையின் மடிப்பு

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். தலையில் பூ இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். பூவிலிருந்து ஈரம் சொட்டும் என்பது அவர் எண்ணம். நான் அந்த அறைக்குள் உட்கார ஆரம்பித்த பிறகு பூ வைப்பதையே விட்டுவிட்டேன். வாசலில் எடுத்து வைத்த பூவைத் திரும்பும்போது மறந்துவிடுவேனோ என்று ஒரு யோசனை, மறந்தால் மறுநாள் அங்கே வாடிக் கிடக்குமே என்று இன்னொரு யோசனை. அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் இப்படித்தான் இரண்டு யோசனை எனக்கு.

எண்பதுகளின் கடைசி அது. அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரம், முன்பு நிலக்கடலை மண்டியாக இருந்த ஒரு ஷெட்டில் எங்கள் எம்பிராய்டரி பட்டறை இருந்தது. முதலாளி பெங்களூர்க்காரர். அங்கே ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் ஒருவருக்கு வேலை செய்து கொடுப்பவர். பெங்களூரில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று மிஷினை இங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஆறு தலை மிஷின். நீளமான மேசையின் மேல் ஆறு தையல் தலைகள் வரிசையாக நிற்கும். ஒரு தலை என்ன போடுகிறதோ அதையேதான் மற்ற ஐந்தும் போடும். என்ன போட வேண்டும் என்பதை ஒரு காகித நாடா சொல்லும். நாடா முழுவதும் பொடிப் பொடியாக ஓட்டை. அந்த ஓட்டை போடும் வேலைக்குத்தான் பஞ்சிங் என்று பெயர்.

முதல் இரண்டு ஆண்டுகள் என் வேலை வரைவது மட்டும். சட்டைப் பையில் வரவேண்டிய பூவை ஆறு மடங்கு பெரிதாக்கிக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஒவ்வொரு இதழிலும் தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கோடு இழுத்துக் கொடுப்பேன். தாளைச் சுருட்டி பெங்களூர் பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். அங்கே ஒருவர் அதைப் பஞ்ச் செய்து நாடாவாக அனுப்புவார். பிறகு முதலாளியே ஒரு கம்ப்யூட்டரும் பஞ்சிங் செய்யும் சாப்ட்வேரும் வாங்கிவிட்டார். கூடவே ஒரு பலகை வந்தது. அதன்மேல் படத்தை ஒட்டி, நடுவில் கூட்டல் குறி போட்ட கண்ணாடி உள்ள ஒரு கருவியை நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியாக அழுத்த வேண்டும். கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகளாகத் தையல் விழும். எல்லாப் புள்ளியும் முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் சிறிய எந்திரம் டகடகவென்று நாடாவில் ஓட்டை போட்டுத் தள்ளும்.

கம்ப்யூட்டர் வந்த அன்றே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. படத்தை நானே பலகையில் ஒட்டிப் பஞ்ச் செய்யக் கற்றுக்கொண்டால் எனக்கு வேலை உண்டு. பெங்களூர் பஞ்சிங்காரர் வாரத்தில் இரண்டு நாள் வந்து செய்வதானால் அவரே வரைந்துகொள்வார். வரைவதற்கு என்று தனியாக ஓர் ஆள் தேவையில்லை. எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. டிராயிங் டீச்சர் பரீட்சை பாஸ் செய்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்ததைப் புதுப்பித்துப் புதுப்பித்தே வயதைக் கடத்தியவள் நான். வீட்டுக்காரர் தக்காளி போட்டிருந்தார். தக்காளியை நம்பி யாரும் நிம்மதியாக இருந்ததாக எங்கள் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

கம்ப்யூட்டர் விற்றவர் வந்து பத்து நாள் சொல்லிக் கொடுத்தார். பூ, இலை, ஆங்கில எழுத்து என்று சின்னச் சின்னதாகப் போட்டுப் பழகினேன். முதலாளி எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒரு பாதிரியார் வந்தார்.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம், சித்தேரி மலைக்குக் கீழே உள்ள ஒரு ஊரில் முந்தின கோடையில் கரும்புத் தோகை வேய்ந்த குடிசைகள் எரிந்துபோயிருந்தன. அந்த ஊர் மாதா கோயிலின் பங்குச் சாமியாரான அவர் இங்கும் அங்கும் கேட்டு, முப்பத்தாறு குடும்பங்களுக்கு ஓட்டு வீடு கட்டி முடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாவி கொடுக்கப் போகிறார்கள். வெறும் சாவியாகக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள் என்பது அவர் கவலை.

"பூட்டுன்னு ஒன்ன இப்பத்தான் பாக்கப் போறாங்க. சாவிய கூரை எரவாணத்துல சொருகிட்டு ஊரெல்லாம் தேடுவாங்க. ஒவ்வொன்னுலயும் துணிப் பட்டை போட்டு, அந்த வூட்டு அம்மா பேரத் தைச்சுக் குடுங்க" என்றார்.

வீடுகள் பெண்களின் பெயரில். ஆகவே பட்டையிலும் பெண்களின் பெயர்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். முன்பக்கம் பெயர், பின்பக்கம் சிலுவை. பன்னிரண்டு குடும்பங்கள் இந்துக்கள். அவர்களுக்குச் சிலுவைக்குப் பதில் குத்துவிளக்கு.

பெங்களூர் பஞ்சிங்காரரிடம் தமிழ் எழுத்து கிடையாது. அதனால்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு வீட்டில் கன்னடம். தமிழை மெதுவாக, யோசித்துப் பேசுவார்.

"ஏனம்மா, இத நீங்களே பஞ்ச் பண்ணுங்க. சரியா வந்தா அந்த நாற்காலி உங்களுது. வரலேன்னா அவர வரச் சொல்லிடறேன். மனசுல ஒன்னும் வெச்சுக்கக் கூடாது."

மனசில் அதைத் தவிர வேறு எதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

பட்டை மூன்று விரல் அகலம். அதற்குள் ஒரு பெயர் முழுவதும் ஒரே வரியில் வர வேண்டும். ஆங்கில எழுத்து என்றால் நேர்க்கோடும் அரை வட்டமுமாகப் போய்விடும். நம் எழுத்து அப்படியா? 'ண' என்று ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். திரையில் சுழிகள் தனித்தனியாக அழகாக இருந்தன. துணியில் மூன்று சுழியும் ஒட்டி ஒரு பருத்திக்காய் மாதிரி உட்கார்ந்துவிட்டது. நூல் துணியை இரண்டு பக்கமும் இழுக்கும். இழுத்ததும் நடுவில் இருக்கிற இடைவெளி மூடிக்கொள்ளும். இழுக்கப்போகிற அளவை முன்கூட்டியே கணித்து, சுழியை வேண்டுமென்றே அகலமாக, பார்க்க அசிங்கமாகப் பஞ்ச் செய்ய வேண்டும். திரையில் கோணலாக இருப்பது துணியில் நேராக வரும். இது புத்திக்குப் புரிந்தாலும் கை கேட்காது. கோணலாக ஒன்றைச் செய்துவிட்டு அதைச் சரி என்று நம்பிக்கொண்டு எழுந்து போவது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

மின்சாரம் வேறு. போனால் அதுவரை போட்ட புள்ளிகள் அத்தனையும் போய்விடும். ஒரு எழுத்து முடிந்ததும் பிளாப்பியில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போவேன். அந்த வாரத்து டைரிப் பக்கங்களை இப்போது புரட்டினால் மின்வெட்டைப் பற்றித்தான் பாதிக்குமேல் எழுதியிருக்கிறேன்.

மிஷினை ஓட்டியவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அதே மலையடிவாரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். எரிந்த ஊருக்கு அடுத்த ஊர். நூல் அறுந்தால் சத்தத்தை வைத்தே எந்தத் தலை என்று சொல்லிவிடுவாள். என்னைச் சீண்டுவது அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு. அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டுவாள்.

"ஏங்க்கா, உள்ள ஏசி போட்டும் வேக்குதுங்களா? மூஞ்சியப் பாத்தா பரீட்சைக்குப் போற புள்ள மாதிரி இருக்குது."

"வந்து ஒக்காந்து பாரு. அப்பத் தெரியும்."

"எனக்கு வேணாஞ்சாமி. ஆறு தலைய மேய்க்கறதே எனக்குப் பெரும்பாடு."

பெயர் வேலையில் அவளுக்குக் கஷ்டம் இருந்தது. ஒவ்வொரு பெயரும் வேறு என்பதால் ஐந்து தலைகளை நிறுத்திவிட்டு ஒற்றைத் தலையில்தான் ஓட்ட வேண்டும். ஐந்து தலை சும்மா நிற்பதைப் பார்த்தால் முதலாளிக்கு வயிறு எரியும். நல்லவேளையாக மாதாவின் பெயரையே எட்டுப் பெண்கள் வைத்திருந்தார்கள். "மாதா காப்பாத்துனாங்கக்கா. ஆறு ஒரே அடியா அடிச்சுடலாம்" என்று அவள் கைகொட்டினாள்.

சிலுவையும் விளக்கும் எல்லாப் பட்டைக்கும் பொது என்பதால் அவற்றை முதலில், ஆறு தலையிலும் ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தோம்.

பட்டை எப்படித் தயாராகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நீளமான ஒரே துண்டு கான்வாஸ் துணி. ஒரு பாதியில் பெயர், மறுபாதியில் சிலுவை. நடுவில் மடித்து, மடிப்புக்குள் வளையத்தைக் கோத்து, சுற்றிலும் தையல் போட்டுவிட்டால் பட்டை. மடித்துத் தொங்கவிடும்போது இரண்டு பக்கத்துக்கும் தலை வளையத்தை நோக்கி இருக்க வேண்டும். அப்படியானால் துணி விரித்துக் கிடக்கும்போது பெயர் நேராக இருந்தால் சிலுவை தலைகீழாகத்தான் இருக்க வேண்டும். ஒரு காகிதத்தைக் கிழித்து மடித்துப் பார்த்துவிட்டே அப்படிப் பஞ்ச் செய்தேன். நாடாவோடு மிஷினுக்குப் போகும் சீட்டில், படத்தின் தலை எந்தப் பக்கம் என்று காட்ட அம்புக்குறி போடுவது வழக்கம். சிலுவைக்கும் விளக்குக்கும் அம்பைக் கீழ்நோக்கிப் போட்டேன். சீட்டு எழுதும் முறை அவ்வளவுதான், காரணமெல்லாம் எழுதுவதில்லை.

வியாழக்கிழமை காலையில் சீட்டையும் நாடாவையும் மிஷின் மேசையில் வைத்துவிட்டு பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஏறினேன். சாமியார் கொடுத்த பெயர்களில் இரண்டு எனக்குச் சந்தேகமாக இருந்தன. ஆளை நேரில் கேட்டுவிடாமல் ஊசியை இறக்க எனக்கு மனம் வரவில்லை. போய்க் கேட்டு, சரிபார்த்து, திரும்பும்போது மாலையாகிவிட்டது. சிலுவையும் விளக்கும் முடிந்திருந்தன. மிஷின்காரி துணியைச் சுருட்டி மறுநாள் வேலைக்காக வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை முழுவதும் நான் உள்ளே கடைசிப் பெயர்களைப் பஞ்ச் செய்ய, அவள் வெளியே ஒவ்வொன்றாக ஓட்டினாள்.

சனிக்கிழமை காலை வெட்டுவதற்கு நான் உட்கார்ந்தேன். முதலில் கைக்கு வந்தது விளக்குப் பட்டை. வெட்டி, மடித்து, விரலால் அழுத்தித் தொங்கவிட்டேன். முன்னால் பெயர், திருப்பினால் விளக்கு. இரண்டும் நேர். பல நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஏதோ கொஞ்சம் நகர்ந்துகொண்டது. அடுத்தது சிலுவைப் பட்டை. வெட்டி, மடித்து, திருப்பினேன். சிலுவை தலைகீழாகத் தொங்கியது.

இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. விரித்துப் பார்த்தேன். விரித்த துணியில் பெயரும் நேராக இருந்தது, சிலுவையும் நேராக இருந்தது. பார்க்கிற யாருக்கும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். இருபத்துநான்கும் அப்படித்தான்.

நான்தான் மாற்றிப் பஞ்ச் செய்துவிட்டேன் என்றே முதலில் நினைத்தேன். செருப்போடு அறைக்குள் ஓடினேன். பிளாப்பியைப் போட்டுத் திரையில் வரவழைத்தேன். சிலுவை அங்கே தலைகீழாகத்தான், நான் போட்டபடியே நின்றது. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, அடுத்த கேள்வியை நினைத்துப் பயமாகவும் இருந்தது. வெளியே வந்து அவளைப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள்.

"மடிச்சா... இப்படி வருமுங்களா?" என்றாள்.

"நீ திருப்புனியா?"

"மிஷின்ல திருப்பற பட்டன அமுத்துனேங்க்கா. மொத வரிசை ஓடுச்சு பாருங்க, ஆறு சிலுவையும் தலகீழா வந்து நின்னுச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு. சிலுவையப் போயி அப்படி ஓட்டலாமுங்களா? உடனே நிறுத்திட்டேன். அந்த ஆறு துண்டையும் தனியா எடுத்துப் போட்டுட்டு, திருப்பி ஓட்டுனேன்."

"சீட்டுல அம்பு போட்டிருந்தேனே புள்ள."

"பாத்தேன். நம்ம அக்காவுக்கு இந்தச் சிலுவ விசயமெல்லாம் என்ன தெரியும், அவசரத்துல அம்ப மாத்திப் போட்டுட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்ப வெளக்கு? அதுக்கும் கீழதானே அம்பு? அத மட்டும் ஏன் திருப்பல?"

அவள் தயங்கினாள். "அது உங்க சமாச்சாரங்க்கா. உங்களுக்கு அதுல ஏதாச்சும் மொறை இருக்கும்னு உட்டுட்டேன்."

"வெளக்கத் தலகீழா ஏத்தற மொறை எந்த ஊர்ல புள்ள இருக்குது?"

நூல் வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம்தான். வரவில்லை.

"சாய்ந்தரம் நான் வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லக் கூடாதுன்னுதாங்க்கா சொல்லல. நீங்க இந்த நாற்காலிக்காகப் படற பாடு எனக்குத் தெரியாதுங்களா? மொத வேலையிலேயே தப்புன்னு மொதலாளி காதுல உழுந்தா எழுப்பி உட்டுருவாரு. தெரியாம சரி பண்ணிட்டேன், அக்கா தப்பிச்சாங்கன்னு ரெண்டு நாளா சந்தோசமா இருந்தேன்." சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவளைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. மறுநாள் காலை சாவி கொடுக்கிறார்கள். முதலாளி மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். மறுபடி ஓட்டலாம் என்றால், அவள் தனியாக எடுத்துப் போட்ட ஆறு துண்டைத் தவிர அந்த நிறத்தில் துணி இல்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை முழுவதும் ஓட்டிய பெயர்களை மறுபடி ஒற்றைத் தலையில் போட்டு, வெட்டி, தைத்து முடிக்க மீதியிருந்த பகல் போதாது. சிலுவையைப் பிரித்து எடுக்கலாமா என்று ஒன்றில் முயன்றேன். சின்னத் தையல், நெருக்கமான தையல். பிரித்த இடத்தில் துணி பஞ்சு பஞ்சாக எழுந்தது. அப்படியே கொடுத்துவிடலாம், யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பார்க்கப்போகிறவர்கள் யார்? துணியில் அரை நிமிஷம் தலைகீழாக நின்றதற்கே என் கூட வேலை செய்கிறவளுக்கு உடம்பு நடுங்கியிருக்கிறது. புது வீட்டுச் சாவியில் அப்படித் தொங்கினால் அந்தப் பெண்கள் அந்த வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பார்கள்?

பட்டையை மடித்தேன், விரித்தேன், மறுபடி மடித்தேன். மடிப்பு இருக்கிறவரை சிலுவை இப்படித்தான் இருக்கும். அப்படியானால் மடிப்பே வேண்டாம். ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு பாதியிலும் எழுதி, நடுவில் கிழித்து, ஒரு பாதியை மட்டும் சுற்றித் திருப்பி, முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பிடித்தேன். சரியாக வந்தது. ஆனால் வளையம் நிற்க மடிப்பு இல்லையே. பைக்கு வார் தைக்கிற கறுப்பு நாடா கொஞ்சம் அலமாரியில் கிடந்தது. அதில் விரல் நீளம் வெட்டி, மடித்து வளையத்தைக் கோத்து, இரண்டு பாதிக்கும் நடுவில் செருகித் தைத்தால் நிற்கும்.

"வெட்டிடலாங்களா?" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

வெட்டுவது என் கையில். இதுவரை துணி வெட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. கத்தரி ஒரு நூல் சறுக்கினால் அந்தப் பெண்ணுக்குப் பட்டை இல்லை. ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வெட்டினேன். அவள் சாதாரணத் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். இரண்டு அடுக்குத் துணி, எம்பிராய்டரி சுருங்காமலிருக்க அடியில் வைத்துத் தைத்த பின்தாள் இரண்டு அடுக்கு, நடுவில் நாடா. மூன்றாவது பட்டையிலேயே ஊசி முறிந்தது. அதன் பிறகு மற்றப் பெண்கள் பின்தாளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார்கள். வெளியே லாரி சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் வாசலைப் பார்த்தேன்.

கடைசிப் பட்டைக்கு வளையம் மாட்டிக்கொண்டிருக்கும்போது முதலாளி உள்ளே வந்தார். மேசையில் பரப்பியிருந்த பட்டைகளைப் பார்த்து முதலில் முகம் மலர்ந்தார். பெயர்களைத் தடவிப் பார்த்தார். ஒரு விளக்குப் பட்டையையும் ஒரு சிலுவைப் பட்டையையும் இரண்டு கையில் எடுத்தார்.

"இது மடிச்சிருக்கு. இது வெட்டி ஒட்டியிருக்கு. ஏன்?"

நான் எழுந்து நின்றேன். "சிலுவை மேல்கீழ் மாறிடுச்சுங்க. வெட்டும்போதுதான் பாத்தோம். அதான் நாடா வெச்சுச் சரி பண்ணியிருக்கோம்."

"பஞ்சிங்ல மாறிச்சா, மிஷின்ல மாறிச்சா?"

பஞ்சிங்கில் என்றால் நாற்காலி போய்விடும். மிஷினில் என்றால் அவளுக்கு என்ன ஆகும்? அதற்கு முந்தின மாதம் நூல் நிறம் மாற்றிப் போட்ட ஒருத்தியை அவர் அன்றே கணக்கு முடித்து அனுப்பியதை நான் பார்த்திருந்தேன். பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையும் வரவில்லை.

"கேக்கறேன்ல அம்மா?"

"சரி பண்ணிட்டோமுங்க" என்று மறுபடி அதையே சொன்னேன்.

"அது தெரியுது. யாரு மாத்துனதுன்னு கேட்டேன்."

தையல் மிஷினின் சத்தம் நின்றது. "நான்தானுங்க" என்றாள் அவள், உட்கார்ந்தபடியே. "அக்கா சரியாத்தான் போட்டாங்க. எனக்குச் சிலுவையத் தலகீழா ஓட்டக் கை வரலைங்க. நானே திருப்பிட்டேன்."

முதலாளி இரண்டு பட்டைகளையும் பார்த்தார். பிறகு சிலுவைப் பட்டையின் வளையத்தில் ஒரு கை, நுனியில் ஒரு கை வைத்து வெடுக்கென்று இழுத்தார். நாடா பிடித்துக்கொண்டது. இன்னொரு தரம் இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னா அவள அனுப்பிடுவீங்க."

"சொல்லலேன்னா உங்கள எழுப்பிடுவேன். அது தெரியாதா?"

"தெரியுமுங்க."

"அப்புறம்?"

அவர் பெருமூச்சு விட்டார். "ஆயித்து, ஆயித்து" என்று கன்னடத்தில் சொல்லி, நடந்தது நடந்துவிட்டது என்பதுபோலக் கையை விரித்தார். "நாளைக்கு நானும் வர்றேன். அங்க என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம். நாற்காலி விசயம் அப்புறம்."

ஞாயிறு காலை நானும் அவளும் பஸ்ஸில் போனோம். மடியில் பட்டைகள் இருந்த பை. ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். மொரப்பூர் பிரிவு தாண்டுவதற்குள் அவள் பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தேய்ஞ்சு போயிரும்க்கா. உடுங்க."

பூசை முடிந்து, கோயிலுக்கு முன்னால் சாமியானாவுக்குக் கீழே சாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்தார். முதலாளி பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வேப்பமரத்தடியில், சாவி வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களின் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். முதல் பெண் வாங்கினாள், பெயரைப் பார்த்தாள், திருப்பினாள். சிலுவையைக் கண்ணில் ஒற்றி, முத்தம் கொடுத்துவிட்டு இடுப்பில் சொருகிக்கொண்டாள். அடுத்தவளும் அப்படியே. ஒருத்தி பெயர்ப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே, "இதுதான் எம்பேரா? இவ்வளவு நீளமா?" என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள். ஒரு கிழவர் தன் மனைவியின் கையிலிருந்த பட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்:

"வூடும் இவ பேருல, சாவியும் இவ பேருல. இனிமே கோவம் வந்தா நாந்தான் வெளிய படுக்கோணும்."

"இத்தன நாளும் உள்ளயா படுத்த?" என்றாள் அந்த அம்மா. கூட்டம் சிரித்தது. சாமியாரும் சிரித்தார்.

விளக்குப் பட்டை வாங்கிய ஒரு பெண், நாடா வைத்த பட்டையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் பார்த்துவிட்டாள். "அவிங்களுக்கு மட்டும் காது வெச்சுத் தந்திருக்கீங்க, எங்களுக்கு இல்லீங்களா?" என்று நேரே சாமியாரிடம் கேட்டாள். சாமியார் என்னைத் தேடினார். என் பக்கத்தில் நின்ற மிஷின்காரிதான் குரல் கொடுத்தாள்.

"அது ஒட்டுப்போட்டதுங்க. உங்களுது ஒரே துணி. உங்களுதுதான் உசத்தி."

அந்தப் பெண் பட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, திருப்தியாகப் போனாள்.

எல்லாம் முடிந்து காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது சாமியாரும் முதலாளியும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள். மாதா திருவிழாவுக்கு மலையடிவாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஜனம் வருமாம். கோயில் படம் போட்ட சாவிப் பட்டை அறுநூறு வேண்டுமாம். எல்லாம் ஒரே படம், பெயர் கிடையாது. முதலாளி மனசில் ஆறு தலையும் ஒன்றாக ஓட ஆரம்பித்திருக்கும். அவர் முகத்திலேயே தெரிந்தது.

சாமியார் நகர்ந்ததும் முதலாளி என்னிடம் கேட்டார். "கோபுரம், மேல சிலுவை, கீழ படிக்கட்டு. பஞ்ச் பண்ண உங்களுக்கு எத்தன நாள் வேணும்?"

உங்களுக்கு என்றார். பெங்களூர் பஞ்சிங்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது என் காதில் விழுந்து, உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் கோபுரத்தின் நுனியில் இருக்கிற சிலுவை எவ்வளவு சிறிதாக வரும், நூல் இழுத்தால் அது நிற்குமா, மடிப்பிலிருந்து எத்தனை விரல் தள்ளி வைக்க வேண்டும் என்று என் மனம் ஓட ஆரம்பித்துவிட்டது.

"ஒன்னு தைச்சு, மடிச்சுப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேங்க" என்றேன்.

"அவளையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு மடிங்க" என்று முதலாளி மிஷின்காரியைக் காட்டினார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அவர் போனதும் அவள் என் முழங்கையை இடித்தாள். "இப்பவாச்சும் அந்தக் காப்பியக் குடிங்கக்கா. ஆறிப் போச்சு."

குடித்தேன். நிஜமாகவே ஆறிப்போயிருந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கோயிலைச் சுற்றி ஒரு நடை நடந்து, கோபுரத்தில் எத்தனை அடுக்கு என்று அவளும் நானும் தனித்தனியாக எண்ணினோம். இரண்டு பேருக்கும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தோம்.